எய்ட் லெட்டர் வராமல் டெபாசிட் கட்டலாமா?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் குடியிருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று அவர்கள் வசிக்கும் மாநிலத்தின் பல்கலைக்கழகம். அதன் எய்ட் லெட்டர், அதாவது எவ்வளவு நிதி உதவி கிடைக்கும் என்று கல்லூரி சொல்லும் கடிதம், வந்துவிட்டது, தொகை சின்னது. இரண்டாவது தனியார் கல்லூரி. கடிதத்தில் பெரிய தொகை போட்டிருக்கிறார்கள், ஆனால் தலைப்பிலேயே 'உத்தேசமானது' என்று எழுதியிருக்கிறது. மூன்றாவதுதான் மகள் ஆசைப்படும் கல்லூரி. இடம் கொடுத்துவிட்டார்கள், எய்ட் பற்றி மட்டும் மூச்சே இல்லை. டெபாசிட் கட்டி இடத்தை உறுதி செய்ய வேண்டிய மே 1 நெருங்கிவிட்டது. எதைத் தேர்ந்தெடுப்பது?

எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்பது போலத் தெரிந்தாலும், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறு கேள்வி என்று நினைக்கிறேன். எவ்வளவு ஆகும் என்று தெரியாமலே சரி சொல்லலாமா, சொல்லிவிட்டுப் பிறகு பணம் போதவில்லை என்றால் என்ன ஆகும் என்பதுதான் அது. அதற்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். ஒரு கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கடிதங்களைத் தயாரித்து அனுப்புவதுதான் என் வேலை. மூன்றில் எது உங்கள் மகளுக்குப் பொருந்தும் என்பதை அவளும் நீங்களும்தான் பார்க்க வேண்டும். உங்கள் வருமான வரிக் கணக்கையும் நான் பார்க்கவில்லை. அதனால் தொகை எவ்வளவு வரும் என்று ஊகிக்கப் போவதில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எய்ட் லெட்டர் கையில் வராத கல்லூரிக்கு டெபாசிட் கட்டாதீர்கள். அவகாசம் கேளுங்கள், தரவில்லை என்றால் இருக்கும் இரண்டில் ஒன்றைப் பாருங்கள். ஆனால் அந்த இரண்டு கடிதங்களையும் நீங்கள் இன்னும் சரியாகப் படிக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். தப்பு உங்களுடையது இல்லை, கடிதங்கள் அப்படி எழுதப்படுகின்றன.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் வைத்தவை, அமைப்பு மட்டும் நிஜமானது. தனியார் கல்லூரியில் வருடச் செலவு மொத்தம் 82,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தின் கடைசி வரியில் 'மொத்த உதவி 64,500' என்று தடித்த எழுத்தில் இருக்கும். நாம் உடனே கழித்துப் பார்த்து, 17,500 கட்டினால் போதும் என்று நினைப்போம். மேலே உள்ள வரிகளைப் பாருங்கள். கல்லூரி கிராண்ட், அதாவது மானியம், 38,000. மெரிட் ஸ்காலர்ஷிப், அதாவது திறமைக்குத் தரும் உதவித்தொகை, 12,000. மத்திய அரசின் மாணவர் கடன் 5,500. வொர்க் ஸ்டடி 3,000. பெற்றோர் பிளஸ் லோன், அதாவது பெற்றோர் தங்கள் பெயரில் மத்திய அரசிடம் வாங்கும் கடன், 6,000. இதில் திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் முதல் இரண்டு மட்டும்தான், 50,000. கடன்கள் உங்கள் பணம், கொஞ்சம் தள்ளிப்போட்டுக் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். வொர்க் ஸ்டடி என்பது கல்லூரிக்குள் நூலகத்திலோ அலுவலகத்திலோ மணிக்கணக்கில் வேலை பார்த்துச் சம்பளமாக வாங்குவது. பொதுவாக அது ஆகஸ்ட் மாத பில்லில் கழியாது. வேலை கிடைக்கும் என்ற உறுதிகூட அதில் இல்லை. ஆக உண்மையான சுமை 32,000.

இப்போது மாநிலப் பல்கலைக்கழகம். வருடச் செலவு 31,000, கிராண்ட் 4,000, மாணவர் கடன் 5,500. கடித பாஷையில் மீதி 21,500, அதாவது தனியாரை விட 4,000 அதிகம். கடனை எடுத்துவிட்டுப் பார்த்தால் 27,000, தனியாரை விட 5,000 குறைவு. கடிதங்களை அப்படியே நம்பினால் மலிவானது எது என்பதே தலைகீழாகிவிடுகிறது. இது ஏதோ ஒரு கல்லூரியின் தந்திரம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜிஏஓ அமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், 91 சதவீதக் கல்லூரிகள் எய்ட் லெட்டரில் மாணவர் கட்ட வேண்டிய நிகரத் தொகையைக் காட்டுவதே இல்லை, அல்லது குறைத்துக் காட்டுகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறது.

மொத்தச் செலவு என்பதிலும் இரண்டு பகுதி உண்டு. கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு இவை கல்லூரி பில்லில் வரும். புத்தகம், பயணம், கைச்செலவு இவை பில்லில் வராது, ஆனால் பணம் போகும். சில கடிதங்கள் முதல் பகுதியை மட்டும் 'செலவு' என்று போட்டிருக்கும். அதனால் ஒரு கல்லூரியின் கடிதத்தை இன்னொன்றோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரு தாளில் நீங்களே மூன்றுக்கும் ஒரே மாதிரி வரிகள் போட்டு எழுதுங்கள். கல்லூரியின் மருத்துவக் காப்பீட்டையும் மறக்காதீர்கள். பல இடங்களில் அது தானாகவே பில்லில் ஏறிவிடும், பெரிய தொகையாகவும் இருக்கும். உங்கள் வேலை வழியாக வரும் காப்பீட்டில் மகளும் இருந்தால், கோடைக்காலத்தில் ஒரு விலக்குப் படிவம் நிரப்பி அதை நீக்கிவிடலாம். தேதியைத் தவறவிட்டால் பெரும்பாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, முதல் வருடம் ஆயிற்று. படிப்பு நான்கு வருடம். கட்டணம் வருடத்துக்கு 4 சதவீதம் ஏறுகிறது, கிராண்ட் அப்படியே நிற்கிறது என்று வைத்தால், மேலே சொன்ன தனியார் கல்லூரிக்கு நான்கு வருடத்தில் உங்கள் பங்கு சுமார் ஒரு லட்சத்து 48 ஆயிரம் டாலர். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சத்து 16 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் வருடம் 5,000 ஆக இருந்த வித்தியாசம் நான்கு வருடத்தில் 32,000-ஐத் தாண்டுகிறது. கட்டணம் பெரிதாக இருக்கும் இடத்தில் அதே 4 சதவீதம் அதிக டாலராக ஏறுவதுதான் காரணம். மெரிட் தொகை பெரும்பாலும் ஏறாது, முதல் வருடம் 12,000 என்றால் கடைசி வருடமும் 12,000தான். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் கிராண்ட் கட்டணத்தோடு சேர்ந்து ஏறுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

'உத்தேசமானது' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஃபாஃப்சா என்ற, மத்திய அரசின் நிதி உதவிக்கான விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் கொடுத்த தகவல்கள் சரிதானா என்று இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்பதுதான் அதன் வழக்கமான அர்த்தம். சில மாணவர்களைச் சரிபார்ப்புக்காகத் தனியாக எடுப்பார்கள், வரிக் கணக்கு, குடும்ப உறுப்பினர் விவரம் எல்லாம் கேட்பார்கள். அது முடியாமல் மத்திய அரசின் பணம் வராது. நீங்கள் எழுதியதும் ஆவணத்தில் இருப்பதும் ஒத்துப்போனால் தொகை பெரும்பாலும் மாறாது. மாறுகிற இடங்கள் எனக்குப் பழக்கமானவை. சேமிப்பில் ஏதாவது விட்டுப் போயிருக்கும். நம்மவர்கள் அதிகம் விடுவது ஊரில் இருக்கும் நிலமும் வாடகை வீடும். நீங்கள் குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கணக்கில் எடுக்காது, 401கே போன்ற ஓய்வூதியக் கணக்கில் உள்ள சேமிப்பையும் எடுக்காது. ஆனால் மற்ற சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் சொல்ல வேண்டும். படிவத்தில் விட்டிருந்தால் இப்போதே திருத்துங்கள். செப்டம்பரில் தெரியவந்து கிராண்ட் குறைவதை விட, ஏப்ரலில் குறைவது எவ்வளவோ மேல்.

மூன்றாவது கல்லூரியின் மௌனம். கல்லூரிக்கு உங்கள் மீது அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால், கடிதம் போகாததற்கு முக்கால்வாசிக் காரணம் ஏதோ ஒரு தாள் வராததுதான். கல்லூரியின் மாணவர் போர்ட்டலில் ஒரு சின்னச் சிவப்புக் குறியாக அது நின்றுகொண்டிருக்கும், மின்னஞ்சல் மகளின் பெட்டியில் படிக்கப்படாமல் கிடக்கும். இன்றே இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து போர்ட்டலைத் திறந்து பாருங்கள். பல தனியார் கல்லூரிகளுக்கு ஃபாஃப்சா மட்டும் போதாது, சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு படிவமும் வேண்டும். அது ஃபாஃப்சாவை விட நீளம், பல கல்லூரிகள் அதன் வழியாக நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் பார்க்கும். அதை நிரப்பவே இல்லை என்றால், எத்தனை வாரம் காத்திருந்தாலும் கடிதம் வராது.

கூடவே ஒரு விஷயம், இந்தக் கேள்வியில் இல்லை, ஆனால் படிக்கும் பலருக்கும் உதவும். பெற்றோர் எச்1பி வேலை விசாவில் இருக்கிறார்கள் என்பதால் ஃபாஃப்சா போட முடியாது என்று நினைத்து விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய. பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால் பெற்றோரின் விசா எதுவாக இருந்தாலும் போடலாம். பிள்ளைக்கு கிரீன் கார்டு இருந்தாலும் அப்படியே. பிள்ளையே எச்4 விசாவில் (எச்1பி-யில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) இருந்தால் மத்திய அரசின் உதவி கிடையாது. அப்போது கல்லூரியின் சொந்தப் பணத்தை மட்டும்தான் எதிர்பார்க்க முடியும், அதற்கு ஒவ்வொரு கல்லூரியும் தனி விதி வைத்திருக்கிறது.

மே 1 பற்றி. அது சட்டம் இல்லை, கல்லூரிகள் கடைப்பிடிக்கும் வழக்கம். 2024-ல் புதிய ஃபாஃப்சா படிவம் தாமதமானபோது பல கல்லூரிகள் அந்தத் தேதியைத் தாங்களாகவே தள்ளிவைத்தன. 2023 அக்டோபரில் வர வேண்டிய படிவம் அந்த டிசம்பர் 30-ம் தேதிதான் எட்டிப்பார்த்தது, அதனால் எய்ட் லெட்டர்கள் எல்லாமே பிந்தின. தனிப்பட்ட முறையில் அவகாசம் கேட்பதும் சகஜம்தான். சேர்க்கை அலுவலகத்துக்கு உங்கள் மகள் பெயரில் ஒரு மின்னஞ்சல் போகட்டும், நீங்கள் எழுத வேண்டாம். இந்தக் கல்லூரியில் சேர விருப்பம், எய்ட் ஆவணங்கள் எல்லாம் இன்ன தேதியில் கொடுத்துவிட்டோம், கடிதம் இன்னும் வரவில்லை, அது வந்து ஒரு வாரம் வரை டெபாசிட் கட்ட அவகாசம் தர முடியுமா என்று நான்கே வரி. அதன் நகல் எய்ட் ஆஃபீசுக்கும் போகட்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் பெரும்பாலும் கொடுப்பார்கள். உங்கள் ஆவணம் போன வாரம்தான் போயிற்று என்றால் கொடுப்பது சந்தேகம். எப்படியானாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் ஒருவர் 'பரவாயில்லை' என்று சொன்னது மே 3-ம் தேதி வேறு ஒருவர் மேசையில் செல்லாது.

இரண்டு இடத்தில் டெபாசிட் கட்டி வைத்துக்கொண்டால் என்ன என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வேண்டாம். டெபாசிட் திரும்ப வராது என்பது ஒரு பக்கம். இரண்டு கல்லூரிகளும் இதை விதிமீறலாகவே பார்க்கும், தெரியவந்தால் இடத்தையே ரத்து செய்யலாம். ஆனால் கடிதம் வந்த ஒரு கல்லூரிக்கு மே 1-க்குள் டெபாசிட் கட்டிவிட்டு, அவகாசம் கொடுத்த இன்னொரு கல்லூரியின் தொகை வந்த பிறகு முதல் இடத்தை முறையாக விட்டுவிடலாமா என்று கேட்டால், இங்கே எனக்கே தயக்கம் உண்டு. காத்திருப்போர் பட்டியலிலிருந்து அழைப்பு வரும்போது மாணவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. அவகாசம் வாங்கிய விஷயத்தில் முதல் கல்லூரியிடமும் சேர்த்து அவகாசம் கேட்பதுதான் நேர்மை என்பது என் எண்ணம். அது கிடைக்காவிட்டால் உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன். போவது என்று முடிவானால், விட்ட இடத்தில் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கடிதம் வந்து தொகை போதவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பினால் காரியம் கெட்டுவிடும். முதல் வகை, உங்கள் நிலைமை மாறியிருப்பது. ஃபாஃப்சா இரண்டு வருடம் முந்தைய வருமானத்தைப் பார்க்கிறது. அப்போது இருவருக்கும் வேலை, இப்போது ஒருவருக்கு இல்லை என்றால் அந்தப் படிவம் சொல்வது பழைய கதை. வேலை இழப்பு, பெரிய மருத்துவச் செலவு, விவாகரத்து, மரணம் இவற்றைப் பார்த்துக் கணக்கை மாற்ற எய்ட் அதிகாரிக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. இப்படிப்பட்ட கோரிக்கை எதையுமே பார்க்க மாட்டோம் என்று ஒரு கல்லூரி ஒட்டுமொத்தக் கொள்கை வைக்கக் கூடாது. பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, மருத்துவமனை பில், எது உண்டோ அதை இணைத்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நான் பார்த்தவரை பலன் கொடுத்தவை தேதியும் தொகையும் இருந்த கடிதங்கள். மகளின் கனவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவை உருக்கமாகத்தான் இருந்தன, ஆனால் கணக்கில் சேர்க்க அதில் எதுவும் இருக்கவில்லை.

இரண்டாவது வகை, இன்னொரு கல்லூரி அதிகம் தந்திருக்கிறது, நீங்களும் கொடுங்கள் என்பது. இதற்குச் சட்டப் பின்னணி எதுவும் இல்லை, கல்லூரியின் விருப்பம். தங்களுக்கு இணையாக நினைக்கும் கல்லூரியின் கடிதம் என்றால் சிலர் பார்ப்பார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தின் குறைந்த கட்டணத்தைக் காட்டித் தனியாரிடம் கேட்டால் பொதுவாக எடுபடாது. மெரிட் பணம் தருவதே இல்லை என்ற கொள்கை உள்ள கல்லூரிகளிடம் இதைக் கேட்டும் பயனில்லை. எதுவாயினும் பேரம் என்ற சொல்லை மட்டும் கடிதத்தில் கொண்டுவராதீர்கள், மறுபரிசீலனை என்று எழுதுங்கள்.

கடனை நம்பித் துணிபவர்களுக்கு உறுதியான எண்கள் உண்டு. பெற்றோரைச் சார்ந்த மாணவி தன் பெயரில் மத்திய அரசிடம் வாங்கக்கூடியது முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500, அடுத்த இரண்டு வருடமும் 7,500. நான்கு வருடத்தில் 27,000 டாலர். இதோடு நின்றால் ஒரு சராசரி வேலையில் கட்டிவிடக்கூடிய கடன்தான், இதற்கு நான் பயப்பட மாட்டேன். பெற்றோர் பிளஸ் லோன் வேறு கதை. முன்பு மீதி எவ்வளவோ அவ்வளவும் அதில் வாங்க முடிந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. 'மீதியை பிளஸ் லோனில் பார்த்துக்கொள்ளலாம்' என்று பழைய அனுபவத்தில் உறவினர்கள் சொல்வதை இனிமேல் அப்படியே எடுக்க முடியாது. மேலே போனால் தனியார் வங்கிக் கடன்தான். அதற்குப் பெரும்பாலும் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும், அரசுக் கடனில் இருக்கும் சலுகைகளும் இருக்காது.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றில் முக்கியமானது இரண்டாம் வருடம். மெரிட் ஸ்காலர்ஷிப் தொடர ஒரு ஜிபிஏ (4.0-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) நிபந்தனை இருக்கும். 3.0 என்றால் ஓரளவு நிம்மதி. 3.5 என்றால், அதுவும் பொறியியல் படிப்பு என்றால், முதல் வருடத்தில் எத்தனை பேர் அதை இழக்கிறார்கள் என்று கல்லூரியிடமே கேளுங்கள். ஒரு செமஸ்டர் சறுக்கினால் மீட்க வாய்ப்பு தருவார்களா என்றும் கேளுங்கள். இன்னொன்று, சில கல்லூரிகள் முதல் வருடம் கிராண்டைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு அடுத்த வருடங்களில் குறைப்பதுண்டு. உங்களுக்கு இரண்டாவது பிள்ளை இருந்தால் இதுவும் முக்கியம்: இருவரும் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் கிடைத்துவந்த சலுகையை மத்திய அரசின் கணக்கு 2024-25 முதல் எடுத்துவிட்டது. கல்லூரிகள் தங்கள் சொந்தப் பணத்தில் அதை இன்னும் பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். வெளியே ஏதாவது அறக்கட்டளை ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கல்லூரி தன் கிராண்டைக் குறைத்துவிடுமா என்பதும் கேட்க வேண்டியது. சில இடங்களில் முதலில் கடனைக் குறைப்பார்கள், அது உங்களுக்கு லாபம். சில இடங்களில் நேராகக் கிராண்டிலேயே கை வைப்பார்கள், அப்போது வெளிப் பணத்துக்காக மகள் எழுதிய கட்டுரைகளால் பலன் கல்லூரிக்குத்தான்.

இதையெல்லாம் செய்வதற்கு முன், வீட்டில் ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். நான்கு வருடத்துக்கும் சேர்த்துச் சேமிப்பிலிருந்து எவ்வளவு, மாதச் சம்பளத்திலிருந்து எவ்வளவு, கடன் எவ்வளவு வரை என்று. அதை மகளிடம் அப்படியே சொல்லுங்கள். பிள்ளைக்குப் பணக்கவலை தெரியக் கூடாது என்று மறைத்து வைத்து, ஏப்ரல் கடைசி வாரத்தில் 'முடியாது' என்று சொல்லும் வீடுகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எய்ட் ஆஃபீசுக்கு போன் செய்து பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிடுவார்கள். தொகை முன்பே தெரிந்த பிள்ளைகள் கேள்வியைத் தெளிவாகக் கேட்பார்கள், கிடைக்காவிட்டால் சீக்கிரம் அடுத்ததற்கு நகர்ந்தும் விடுவார்கள். மூன்றாவது கல்லூரியின் கடிதம் வரும் முன்பே அந்தத் தொகை தாளில் இருக்க வேண்டும். வந்த பிறகு எழுதினால், ஆசைப்பட்ட கல்லூரிக்கு ஏற்ற மாதிரி நம் கையே எண்ணைத் திருத்திவிடும்.

திங்கட்கிழமை காலை மூன்று எய்ட் ஆஃபீசுக்கும் கூப்பிடுங்கள், மகளும் கூட இருக்கட்டும். அவள் விவரத்தை உங்களிடம் பேச அவள் சம்மதம் கேட்பார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்திடம் கிராண்ட் நான்கு வருடமும் வருமா என்று கேளுங்கள். தனியாரிடம் சரிபார்ப்பு பாக்கி இருக்கிறதா, எப்போது 'உத்தேசம்' நீங்கும், மெரிட் நிபந்தனை என்ன என்று கேளுங்கள். மூன்றாவது இடத்தில் ஒரே கேள்வி போதும்: எங்கள் கோப்பில் எது குறைகிறது? பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே பேசியதை மின்னஞ்சலில் சுருக்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள். பதில்கள் வந்ததும் எண்களை மட்டும் இங்கே போட்டால் மேலே என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன். கல்லூரிப் பெயரும் மகள் பெயரும் வேண்டாம்.